அலமாரி சாயாத படம்: வீடுகளை எடுக்க நான் வாங்கிய சிக்கனக் கேமரா

“தம்பி, நான் செஞ்ச அலமாரி இப்படியா சாய்ஞ்சு நிக்குது?”

எங்கள் தச்சர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நூல் பிடித்து, அரை நாள் போராடி அவர் நிறுத்திய அலமாரி அது. படத்தில் மேல்பக்கம் குறுகி, கீழ்ப்பக்கம் அகன்று, இப்போது விழுமோ அப்புறம் விழுமோ என்று நின்றது. பக்கத்துச் சுவரும் லேசாக வயிறு தள்ளியிருந்தது. “அது போன் அப்படித்தான் எடுக்கும் அண்ணே” என்றேன். “அப்போ போனை மாத்து. பாக்குறவன் உன் போனையா திட்டுவான்? என்னைத்தானே திட்டுவான்” என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

நான் போட்டோகிராபர் இல்லை. வீட்டு உள்வேலைகள் செய்யும் சின்னக் குழு எங்களுடையது. வேலை முடிந்ததும் அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்டப் படம் எடுத்து வைக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாதத்துக்கு இரண்டு மூன்று வீடு. படத்துக்கென்று யாரும் தனியாகக் காசு தருவதில்லை. ஆகவே கேமராவும் மலிவாக இருக்க வேண்டும், படத்தில் கோடும் கோடாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையோடுதான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் போன கடையில் விற்பனையாளர் ஒரு கேமராவை எடுத்து, கண்ணாடிக் கதவு வழியே எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகைக்கு ஜூம் போய்க் காட்டினார். எழுத்தெல்லாம் அப்படியே தெரிந்தது. “இதுல நிலாவையே எடுக்கலாம் சார்” என்றார். எடுக்கலாம்தான். ஆனால் நான் எடுக்கப்போவது எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் கழிப்பறைச் சுவரை. வீடு எங்கேயும் ஓடிப்போகாது, பறக்காது. வேகமான ஃபோகஸோ நொடிக்குப் பத்துப் படமோ நீளமான ஜூமோ நமக்கு எதற்கு? விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்த அத்தனையும் எனக்கு வேண்டாதவை என்று புரிய இரண்டு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

வேண்டியது அகலம். அறைக்குள் நின்றால் முதுகுக்குப் பின்னால் சுவர். அதற்கு மேல் பின்னால் போக முடியாது. சின்னதாக ஒரு கணக்கு. கேமராவோடு வழக்கமாகச் சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸை முழு அகலமாக 18 மி.மீ.யில் வைத்தால், கேனானின் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் (படத்தைப் பதியும் சில்லு) கிடைமட்டக் கோணம் சுமார் 63 டிகிரி. மூன்று மீட்டர் அகலச் சுவர் முழுதாக விழ வேண்டுமென்றால் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதே கேமராவில் 10 மி.மீ. லென்ஸ் போட்டால் கோணம் 96 டிகிரி. ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் போதும். சமையலறையிலும் குளியலறையிலும் இந்த ஒரு மீட்டர்தான் எல்லாம். கிட் லென்ஸை மட்டும் நம்பி வாங்கியிருந்தால் பாதி அடுப்பும் முக்கால் அலமாரியும்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அதனால் கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு லென்ஸைப் பார்க்கத் தொடங்கினேன். எந்த நிறுவனத்தில் அகல லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதோ, அந்த நிறுவனத்தின் பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா உடம்பை) வாங்குவது என்று முடிவு. கேமரா வாங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வார்கள். வீடு எடுப்பவர் இப்படிச் செய்தால்தான் காசு மிஞ்சும்.

அந்தக் கணக்கில் முன்னால் வந்தவை இரண்டு லென்ஸ்கள். கேனானின் இஎஃப்-எஸ் 10-18, 2014இல் வந்தது. நிக்கானின் ஏஎஃப்-பி 10-20, 2017இல் வந்தது. இரண்டும் பிளாஸ்டிக் உடம்பு, கால் கிலோவுக்கும் குறைவான எடை, எஃப் 4.5இல் தொடங்கும் ‘மெதுவான’ லென்ஸ்கள் (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் ஏற ஏறத் துளை சிறுத்து வெளிச்சம் குறையும்). டிரைபாடில் வைத்து நிற்கிற சுவரை எடுக்கிறவனுக்கு அந்த மெதுவால் ஒரு நஷ்டமும் இல்லை. எப்படியும் எஃப் 8இல்தான் எடுக்கப்போகிறோம். 10 மி.மீ.யில் எஃப் 8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்துவிட்டால், அரை மீட்டர் முன்னால் இருக்கும் மேசை விளிம்பிலிருந்து ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரம் வரை எல்லாமே தெளிவாக விழும். எஃப் 2.8 வாங்கு என்று சொன்ன நண்பனின் பேச்சைக் கேட்காததற்கு இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

சோனியில் ஏ6000 என்று 2014இல் வந்த ஒரு நல்ல மிரர்லெஸ் பாடி செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்குச் சோனியே போட்ட 10-18 லென்ஸ் மலிவான ரகம் இல்லை. பாடியில் மிச்சம் பிடித்ததை லென்ஸில் கொட்ட வேண்டும். இன்னொன்று, அந்தப் பாடியில் மட்டம் காட்டும் கோடு திரையில் வராது. வீடு எடுப்பவனுக்கு மட்டம் காட்டாத கேமரா, கொத்தனாருக்கு ரசமட்டம் இல்லாத மாதிரி. (நான் கடைசியில் வாங்கியதற்கும் ஒரு ரசமட்டக் குமிழியை வெளியே வாங்கித்தான் மாட்டிக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.)

நிக்கானில் டி3500 ரொம்ப ஆசை காட்டியது. 2018இல் வந்தது, 24 மெகாபிக்சல், கைக்கு அடக்கம், ஒரு சார்ஜில் 1,550 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அதில் ஆட்டோ எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் கிடையாது. அதாவது ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, சரியாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று கேமராவே தொடர்ந்து எடுத்துத் தராது. ஒவ்வொரு தடவையும் நாம் சக்கரத்தைத் திருகி எடுக்க வேண்டும். திருகும்போது டிரைபாடில் இருக்கும் கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தால் மூன்று படமும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாது. திரையும் மடங்காது. அவர்களுடைய டி5600இல் இந்த இரண்டும் உண்டு. நியாயமான நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்த ஏஎஃப்-பி லென்ஸ் டி3200, டி5100 மாதிரிப் பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. பழைய நிக்கான் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு லென்ஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

கடைசியில் நான் வாங்கியது கேனான் 200டி. 2017இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல், பேட்டரியோடு 453 கிராம். அதற்கு 10-18 லென்ஸ், 240 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் 700 கிராம் வராது. இரண்டுமே செகண்ட் ஹேண்ட். டேப், மூலைமட்டம், பெயின்ட் அட்டை எல்லாம் போகும் அதே தோள்பையில் இதுவும் போய்விடுகிறது.

செகண்ட் ஹேண்ட் என்றதும் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்கிய அகல லென்ஸ் இது இல்லை, வேறொன்று. வெளியே பார்க்கப் புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்லை. விற்றவரும் நல்ல மனிதர்தான்; தெரிந்து ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து சுவர் நிறையச் செய்தித்தாள் ஒட்டி, கேமராவை நேர் எதிரே நிறுத்தி எஃப் 8இல் ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று மூலையில் எழுத்து படிக்க முடிகிறது. வலது கீழ்மூலையில் மட்டும் தண்ணீர் பட்ட மை மாதிரிக் கலங்கியிருக்கிறது. உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எப்போதோ கீழே விழுந்திருக்கும். முகம் எடுக்கிறவர்கள் இந்தக் கோளாறை வருஷக்கணக்கில் கவனிக்காமல் இருக்கலாம். வீட்டுப் படத்தில் மூலை என்பது டைல்ஸ் முடியும் இடம், ஸ்கர்ட்டிங் ஓடும் இடம். அங்கேதான் கண் போகும். திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் நடந்தேன். ஆகவே, விற்பவர் வீட்டுக்குப் போகும்போதே ஒரு செய்தித்தாளையும் கொஞ்சம் டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை நூல் நூலாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு குளியலறையை நான் எப்படி எடுக்கிறேன் என்று சொன்னால் இந்தக் கேமராவின் நல்லது கெட்டது தானாகத் தெரிந்துவிடும்.

அறை ஒன்றரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நான் நின்றால் கேமராவுக்கு இடமில்லை. டிரைபாடின் ஒரு கால் உள்ளே, இரண்டு கால் வாசலுக்கு வெளியே. கேமரா கதவு நிலைக்கு நடுவே, நிலையின் மரம் படத்தில் விழாத அளவுக்கு ஓர் அங்குலம் முன்னால். என் தலையை அதன் பின்னால் கொண்டுபோக முடியாது, ஒரு பக்கம் கதவு, இன்னொரு பக்கம் சுவர். இங்கேதான் அந்த மடங்கும் திரை காசுக்கு மேல் உழைக்கிறது. பக்கவாட்டில் திறந்து, மேல்நோக்கித் திருப்பி, குனிந்தபடி பார்க்கிறேன். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுவிடுவேன். டைல்ஸ் இடுக்கு ஒன்றைக் கட்டக்கோட்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் கேமரா சாய்ந்திருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் அந்த ரசமட்டக் குமிழியைச் செருகியிருக்கிறேன். அதில் குமிழி நடுவில் வர வேண்டும். தூக்குக்குண்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

அலமாரி சாய்ந்த மர்மமும் இங்கேதான் அவிழ்ந்தது. லென்ஸை மேலேயோ கீழேயோ சாய்த்தால் நிமிர்ந்த கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். போனை நெஞ்சுக்கு மேல் பிடித்துக் கீழ்நோக்கியோ, இடுப்பில் பிடித்து மேல்நோக்கியோ எடுத்தால் அலமாரி விழத்தான் செய்யும். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவிலும் இது நடக்கும். கேமராவை மட்டமாக வைத்துவிட்டு உயரத்தை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு டிரைபாடை விட்டால் வேறு வழியில்லை. சமையலறை என்றால் மேடை உயரத்துக்கு ஒரு சாண் மேலே வைப்பேன், கல்லின் மேற்பரப்பு கொஞ்சம் தெரியட்டும் என்று. குளியலறையில் சுமார் 1.2 மீட்டர். நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் தரையும் கூரையும் சமமாக வராது. மட்டமாகப் பிடித்தால் கூரைதான் அதிகம் விழும்.

கேமராவை வாங்கிவிட்டு டிரைபாடுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முதல் டிரைபாட் இரண்டு தடவை படம் நடுவே தானாகத் தலை குனிந்தது.

கண்ணாடி இருந்தால் இன்னொரு கூத்து. வாஷ்பேசின் மேல் கண்ணாடியில் நானும் என் டிரைபாடும் அப்படியே தெரிவோம். கேமராவைக் கண்ணாடியின் விளிம்புக்கு வெளியே வருகிற மாதிரி ஓரமாக நகர்த்தி வைத்து, நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். 200டியில் வைஃபை, ப்ளூடூத் இரண்டும் உண்டு. போன் திரையிலேயே காட்சியைப் பார்த்து அங்கிருந்தே எடுக்கலாம். போன் இணைப்பு முரண்டு பிடித்தால் 2 விநாடி டைமர் இருக்கவே இருக்கிறது. இந்த டைமருக்குள் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. பிராக்கெட்டிங் போட்டுவிட்டு டைமரில் ஒரே ஒரு தடவை அழுத்தினால், மூன்று படத்தையும் தானே எடுத்து முடித்துவிடும். சாதாரண நிலையில் மூன்று தடவை அழுத்த வேண்டும். கையால் மூன்று முறை தொட்டு, மூன்றும் பொருந்தாமல் போய், மாதக்கணக்காகப் புலம்பிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

அந்தக் குளியலறையில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 8. நடுப்படம் அரை விநாடி. இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி அல்லது இரட்டிப்பு) குறைத்தால் 1/8 விநாடி; கூட்டினால் இரண்டு விநாடி. இருட்டுப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே இருப்பது தெரியும், வெளிச்சப் படத்தில் பேசினுக்கு அடியில் குழாய் போகும் மூலை தெரியும். அப்புறம் கம்ப்யூட்டரில் மூன்றையும் கலக்க வேண்டும். இங்கே ஒரு குறை: 200டி மூன்று படத்துக்கு மேல் பிராக்கெட் செய்யாது. உச்சி வெயிலில் தெற்கு ஜன்னல் திறந்திருக்கும் கூடத்துக்கு மூன்று போதாது. ஜன்னல் வெள்ளையாகப் பூத்துவிடும். ஐந்து படம் எடுக்கும் கேமராக்கள் இருக்கின்றன. நான் கண்டுபிடித்த மாற்று வழி சோம்பேறித்தனமானது: சாயங்காலம் வரை காத்திருப்பேன். உள்ளேயும் வெளியேயும் வெளிச்சம் கிட்டத்தட்டச் சமமாகும் அந்த இருபது நிமிடத்தில் ஒரே படம் போதும், கலக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ரா கோப்பாகத்தான் (கேமரா சமைக்காத மூலப் பதிவு) எடுக்கிறேன். காரணம் நிறம். ஜன்னலிலிருந்து நீலம், கூரை விளக்கிலிருந்து மஞ்சள், அலமாரிக்கு அடியில் ஒட்டிய எல்இடி பட்டையிலிருந்து வேறு ஏதோ ஒன்று. நாங்கள் தேடித்தேடி அடித்த பெயின்ட் படத்தில் மூன்று நிறமாகத் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கும் 5500 கெல்வின் பகல் வெளிச்சமும் ஒரே சுவரில் விழுந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) இரண்டையும் சரிசெய்யாது. பகலில் எடுக்கும்போது விளக்குகளை அணைத்துவிடுவதுதான் மருந்து. வீட்டுக்காரர்கள் ஆசையாக எல்லா விளக்கையும் போட்டு வைப்பார்கள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவேன். ரா கோப்பைத் திருத்தக் கேனானின் சொந்த மென்பொருள் இலவசம். டார்க்டேபிள், ராதெரபி என்ற இரண்டும் இலவசம்தான். 10 மி.மீ.யில் இந்த லென்ஸ் கோடுகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் உப்பவைக்கும். மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தை இயக்கினால் நேராகிவிடும். அதைச் செய்யாமல் ஒரு படத்தையும் வெளியே அனுப்புவதில்லை.

அகலம் வேண்டும் என்று இவ்வளவு நேரம் பாடினேன். இனி அதையே திட்டப்போகிறேன்.

10 மி.மீ. கையில் கிடைத்த முதல் மாதம் எல்லாவற்றையும் 10இலேயே எடுத்தேன். மூன்று மீட்டர் படுக்கையறை மண்டபம் மாதிரி விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. படத்தைப் பார்த்துவிட்டு வேலை கொடுக்க வந்த ஒருவர், அந்த வீட்டுக்காரரின் அனுமதியோடு நேரில் பார்க்கப் போனார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, “இதே ரூம்தானா சார்?” என்றார். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றம் இன்னும் காதில் இருக்கிறது. வேலையைக் கொடுத்தார், ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன ஒவ்வொரு அளவையும் டேப் வைத்து அளந்தார்.

இந்த வகை லென்ஸ் நேர்கோட்டை நேராகவே வைத்திருக்கும், அதற்குப் பதிலாக ஓரங்களை இழுக்கும். படத்தின் ஓரத்தில் விழும் ஃப்ரிட்ஜ் பீரோ ஆகிவிடும். உருண்டையான விளக்குக் கூடு முட்டை ஆகிவிடும். இப்போது அறைகளை 12இலிருந்து 15 மி.மீ.க்குள் எடுக்கிறேன். 10ஐ குளியலறைக்கும் மாடிப்படி திரும்பும் இடத்துக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். ஓரத்தில் வட்டமான பொருள் எதுவும் இல்லாமல் நகர்த்தி வைத்துவிடுவேன். வீடு விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். படத்தில் பெரிதாக்கிய அறையை, வந்து பார்ப்பவர் மனசில் சிறிதாக்கித்தான் பார்ப்பார்.

வீட்டின் வெளிப்புறம் எடுப்பதில்தான் மெகாபிக்சலுக்கு முதல் தடவையாக வேலை வந்தது. இணையத்தில் போடும் படத்துக்கு 24 மெகாபிக்சல் தேவையே இல்லை. முழு எச்டி திரை நிறைய 2 மெகாபிக்சல் போதும். ஆனால் குறுகலான தெருவில் இரண்டு மாடி வீட்டை எடுக்கும்போது கேமராவின் முகத்தை மேல்நோக்கிச் சாய்த்தால் வீடு பின்னால் மல்லாந்துவிடும். மட்டமாகவே வைத்தால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தெரு. நான் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மட்டமாக வைத்து எடுத்துவிட்டு, கீழே இருக்கும் தெருவை வெட்டி எறிந்துவிடுவேன். 4000க்கு 6000 புள்ளி இருக்கும் படத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 16 மெகாபிக்சல் மிச்சம். இதையே வெட்டாமல் செய்யத் தனி லென்ஸ் இருக்கிறது. லென்ஸையே மேலே நகர்த்தும் டில்ட்-ஷிஃப்ட். கேனானில் 17 மி.மீ.யில் ஒன்று உண்டு. கட்டடப் படக்காரர்கள் அதைத்தான் வைத்திருப்பார்கள். அதன் விலைக்கு என் கேமரா, லென்ஸ், டிரைபாட் எல்லாவற்றையும் வாங்கி, மேலும் ஒரு செட்டும் வாங்கலாம். கனவில் பார்த்துக்கொள்கிறேன்.

வெளிப்புறத்துக்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் கேமராவை விடப் பெரிய விஷயம். இன்றைக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கேமராப் படமே வீட்டுக் கூரைகளின் படம்தான் தெரியுமா? பிரான்ஸில் நியெப்ஸ் என்பவர் 1826-27 வாக்கில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தது. படம் பதியப் பல மணி நேரம் ஆனதால் சூரியன் நகர்ந்து, கட்டடத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் வெயில் விழுந்திருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. கிழக்குப் பார்த்த வீட்டைக் காலையில் எடுக்க வேண்டும், மேற்குப் பார்த்ததைச் சாயங்காலம். தவறான நேரத்தில் போனால் எந்தக் கேமராவும் காப்பாற்றாது.

200டியின் குறைகளில் என்னை அதிகம் சீண்டியது வ்யூஃபைண்டர். கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தத் துளை காட்சியில் 95 சதவீதத்தைத்தான் காட்டும். மிச்சம் ஐந்து சதவீதம் படத்தில் விழும், நம் கண்ணுக்குத் தெரியாது. அழகாக எடுத்துவிட்டோம் என்று வந்து திறந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு துடைப்பத்தின் பிடி, இன்னொரு படத்தில் ஓர் உதவியாளரின் செருப்பு. அதற்குப் பிறகு திரையில் பார்த்து மட்டுமே எடுக்கிறேன். அதில் முழுக் காட்சியும் தெரியும். ஆனால் திரை பேட்டரியைக் குடிக்கும். வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் 650 படம் என்று சொல்லப்படும் பேட்டரி, திரையில் எடுத்தால் அதில் பாதிகூட வராது. இரண்டாவது பேட்டரி கட்டாயம். லென்ஸின் மவுன்ட் உலோகம் இல்லை, பிளாஸ்டிக். வெயில் மறைக்கும் ஹூட் தனியாக வாங்க வேண்டும். ஜன்னலை நோக்கி எடுக்கும்போது அது இல்லாமல் கையை நீட்டி மறைத்துக்கொண்டு நிற்பேன். டிரைபாடில் வைத்ததும் லென்ஸின் நடுக்கக் குறைப்பானை அணைத்துவிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். மேலே துருத்திக்கொண்டு வரும் ஃபிளாஷைத் தொடவே தொடாதீர்கள்; 10 மி.மீ.க்கு அதன் வெளிச்சம் எட்டாது, மூலையெல்லாம் இருட்டிவிடும்.

2019இல் 200டி மார்க் 2 வந்தது. 4கே வீடியோ, நீடித்த பேட்டரி என்று சில நல்லவை உண்டு. பேட்டரிக்காக வாங்கலாம், மற்றவை சுவருக்குத் தேவையில்லை. புதுசாகத்தான் வேண்டும் என்பவர்கள் 2023இல் வந்த கேனான் ஆர்50ஐயும் அதற்கான ஆர்எஃப்-எஸ் 10-18ஐயும் பாருங்கள். அந்த லென்ஸ் 150 கிராம்தான், திரையும் மடங்கும். அதே வருடம் வந்த ஆர்100 இன்னும் மலிவு, ஆனால் திரை அசையாது. குளியலறை வாசலில் கழுத்தை ஒடித்துக்கொள்ளத் தயார் என்றால் சரி.

போனே போதாதா என்று கேட்பவர்களுக்கு: பல நேரம் போதும். வாடகைக்கு ஓர் அறை, நல்ல பகல் வெளிச்சம், இரண்டு படம் என்றால் போனை ஒரு சின்ன டிரைபாடில் மட்டமாக நிறுத்தி எடுங்கள். நல்ல போன்களின் அகலக் கேமரா, என் 10 மி.மீ.யை விடவும் அகலமாகவே பார்க்கும். இருட்டு மூலைகளும் மர நரம்பும்தான் அதன் சின்ன சென்சாரில் கரைந்து பூசினாற்போல் ஆகும். எங்களுக்கு மர நரம்புதான் பிழைப்பு, அதனால் போனால் ஆகவில்லை.

புதுக் கேமரா வந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய அலமாரியைப் போய் மறுபடி எடுத்தேன். 14 மி.மீ., எஃப் 8, குமிழி நடுவில். கம்ப்யூட்டரில் திறந்து தச்சரைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்து, இடப்பக்கச் சட்டத்தைப் பார்த்தார். அப்புறம் வலப்பக்கம். தலையாட்டினார். நான் எழுந்திருக்கப் போனேன். “இரு இரு” என்று ஸ்கேலைப் படுக்க வைத்தார். இரண்டு கதவின் கைப்பிடிகளுக்கும் நடுவே வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“வலது கைப்பிடி ஒரு நூல் இறங்கியிருக்கு தம்பி.”

மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரோடு போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். நான் சாயங்காலம் போய் மூன்றாவது தடவையாக அதே அலமாரியை எடுத்தேன்.